வெயிட் நிக்காது சார்!

பாண்டி பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது எங்கள் அலுவலகம். நிர்வாகத்துக்குத் திடீரென்று பூமியின் மேல் அக்கறை வந்து, பசுமைக் குழு என்று ஒன்றை அமைத்தார்கள். வேறு எந்தக் குழுவிலும் இல்லாதவன் என்ற ஒரே தகுதியில் என்னையும் சேர்த்தார்கள். பேப்பர், அட்டை, பாட்டில் இதெல்லாம் எங்கள் வேலை இல்லை. அதற்கெல்லாம் வாங்க ஆள் இருக்கிறது. யாருமே வாங்காத குப்பையை மறுசுழற்சிக்கு அனுப்புவதுதான் எங்கள் பொறுப்பு.

முதல் கூட்டத்தில் பட்டியல் போட்டோம். சிப்ஸ் பாக்கெட், தெர்மாகோல், கூரியர் கவர், எழுதித் தீர்ந்த பேனா, பொங்கல் விழா ஃப்ளெக்ஸ், வேலையை விட்டுப் போனவர்களின் ஐடி கார்டுக் கயிறு, பேப்பர் கப். தெர்மாகோல் என்று வாயெடுத்ததும், தண்ணீர் ஆவியாகாமல் இருக்க வைகை அணையில் தெர்மாகோலை மிதக்கவிட்ட கதையை வைத்து ஆளுக்கொரு ஜோக் சொன்னதில் கூட்டம் நீண்டுகொண்டே போனது. பேப்பர் கப்பில் வேறு சிக்கல். உள்ளே பிளாஸ்டிக் பூசிய கப், 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் ஒன்று. தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தார்கள். 2023-ல் அங்கேயும் தடை செல்லும் என்று சொல்லிவிட்டார்கள். ஆக, இருக்கவே கூடாத ஒரு பொருளை எப்படி மறுசுழற்சி செய்வது என்று தீவிரமாக விவாதித்தோம், அதே கப்பில் டீ குடித்துக்கொண்டே.

அப்புறம் கலர் கலராகத் தொட்டிகள் வந்தன. ஒவ்வொன்றின் மேலும் ‘பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம்’ என்ற அறிவிப்பு, லேமினேட் செய்து ஒட்டப்பட்டது. லேமினேட் செய்த காகிதத்தையும் எவரும் எடுக்க மாட்டார்கள் என்பதால் அதையும் எங்கள் பட்டியலில் சேர்த்துக்கொண்டோம்.

மூட்டை சேர்ந்ததும் ஸ்கூட்டரில் வைத்து, மயிலாப்பூரில் என் வீட்டுப் பக்கம் இருக்கும் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்கார அண்ணாச்சி மூட்டைக்குள் கையை விட்டு ஒரு சிப்ஸ் பாக்கெட்டை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, கையை விரித்தார். அது மெல்ல மெல்ல, சோம்பல் முறிப்பது போலப் பழையபடி விரிந்தது.

“பாத்தீங்களா? அலுமினியத் தாளா இருந்தா கசக்குனபடியே கெடக்கும். இது பிளாஸ்டிக்கு மேல அலுமினியம் பூசினது. ரெண்டும் ஒட்டிக் கெடக்கு. பிரிச்சுக் குடுங்க, ரெண்டையும் எடுத்துக்கறேன்.”

தெர்மாகோலைத் தராசில் வைக்கக்கூட அவர் சம்மதிக்கவில்லை. “வெயிட் நிக்காது சார். லாரி நெறைய ஏத்தினாலும் டீசல் காசு வராது.” உண்மைதான். தெர்மாகோலில் சுமார் 98 சதவீதம் காற்று. காற்றைக் கிலோ கணக்கில் வாங்க அண்ணாச்சிக்கு என்ன தலையெழுத்து?

சுற்றுச்சூழல் கருத்தரங்குகளில் வண்ண வண்ணப் படங்களோடு விளக்குவதை அவர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். ஒரே பொருளால் ஆனதாக இருக்க வேண்டும், எடை நிற்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாததெல்லாம் தென்சென்னையில் கடைசியாகப் போய்ச் சேரும் இடம் பெருங்குடி. 2022-ல் அந்தக் குப்பைமேடு நாள் கணக்கில் எரிந்தது. பக்கத்திலேயே இருக்கும் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு, உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சர் அங்கீகாரம் கிடைத்ததும் அதே ஆண்டில்தான்.

எங்கள் குழுவில் இருந்த, அடையாறிலிருந்து வரும் டிசைனர் பெண் மனம் தளரவில்லை. “சார், ரோடு போடலாமே!” என்றாள். அது கேலி இல்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்டுபிடித்த முறை அது. பிளாஸ்டிக்கைப் பொடிப்பொடியாக நறுக்கி, சுமார் 170 டிகிரிக்குச் சூடாக்கிய ஜல்லி மேல் தூவினால் உருகிப் போர்வையாகப் படியும். அதன் பிறகு தார். நுங்கம்பாக்கம் ஜம்புலிங்கம் தெருவில் 2002-லேயே இப்படிப் போட்டார்கள். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீயும் கிடைத்தது. நான் அந்தத் தெருவில் நடந்திருக்கிறேன். மசாலா வாசனை எதுவும் வரவில்லை. ஆனால் பிளாஸ்டிக் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். சட்னி ஒட்டிய இரண்டு கோணிப்பையை நம்பி எந்த கான்ட்ராக்டரும் தி.நகர் போக்குவரத்துக்குள் லாரியை விட மாட்டார்.

இத்தனை அமளியிலும் எங்கள் அலுவலகத்தில் ஒழுங்காக மறுசுழற்சி செய்தவர், எந்தக் குழுவிலும் இல்லாத ஹவுஸ்கீப்பிங் அக்கா. ஆவின் பால் கவரின் ஓரத்தை முழுக்க வெட்டி எறியாமல், துண்டு தொங்குகிற மாதிரி கீறி ஊற்றுவார். அந்தத் தம்மாத்துண்டு முனையைத் தரையில் விட்டால் யார் பொறுக்குவது? கவரை அலசி, ஜன்னல் கம்பியில் காயவைத்து, அடுக்கிக் கட்டி விற்றுவிடுவார். நாங்கள் போட்ட தீர்மானங்களில் உருப்பட்டதும் அவர் சொன்னதுதான்: “கப்பை எங்க அனுப்பறதுன்னு ஏன் சார் மண்டைய ஒடைச்சிக்கறீங்க? எவர்சில்வர் டம்ளர் வாங்கிப் போடுங்க, நான் கழுவறேன்.” வாங்கினோம். பட்டியலில் ஒரு வரி அடிபட்டது.

மீதி இருந்ததில் பெரிய தலைவலி, ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய பிரிண்டர். அது உயிரை விட்டு வெகுகாலம் ஆகிறது. அதைப் பார்த்தால் அண்ணாச்சிக்குக் கண் விரியும். ஆனால் டிசைனர் விடவில்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, குறைந்தது ஆயிரம் கருவி வைத்திருக்கும் நிறுவனங்கள் பதிவு பெற்றவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். எங்களிடம் அவ்வளவு கிடையாது. “அதுக்காக ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கறவங்க கையில குடுப்பீங்களா?” என்றாள். நியாயம்தான்.

அடுத்த முட்டுக்கட்டை கணக்குப் பிரிவு. “அசெட் ரிஜிஸ்டர்ல இருக்கு. ரிப்பேர் பண்ண முடியாதுன்னு சர்வீஸ் இன்ஜினீயர் எழுதிக் குடுத்தாதான் ரைட் ஆஃப்.” அந்த மாடலுக்கு சர்வீஸே நிறுத்தி எத்தனையோ காலமாகிறது, எழுதிக் கொடுக்க எந்த இன்ஜினீயர் வருவார்? இதற்குள் ஆயுத பூஜை வந்தது. பிரிண்டரைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரமும் சார்த்தினார்கள். அதன் பிறகு கணக்குப் பிரிவுக்காரரே அதைக் கடக்கும்போது செருப்பைக் கழற்றுகிறார்.

உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒன்று இருந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்ற நிறுவனம் எதையாவது ஆவணி முடிவதற்குள் கூப்பிட்டுக் கொடுத்துவிடுங்கள். ஒருதரம் பொட்டு வைத்தாகிவிட்டால், அப்புறம் தூக்கிக் கொடுக்க யாருக்கும் கை வராது.