வீட்டோட மாப்ளைக்கு வாரம் ஒரு மாத்திர

ஏம்மா மருமவளே, ஒன்னாட்டம் புத்திசாலி இந்தக் கச்சிராயபாளையம் சுத்துவட்டாரத்துலயே கெடையாது. விரல்கணு எல்லாம் வீங்கிக் கெடக்குது, மூணு மாசமா காத்தால எழுந்தா தலமுடியக் கூட கோதி முடிய முடியல. நீ என்னா பண்ண? மொதல்ல மந்திரிச்சி கயிறு கட்டுன. அப்பறம் முடக்கத்தான் தோசை. அதுவாச்சும் ருசியா இருந்துச்சி. அப்பறம் கல்வராயன் மலையிலேருந்து எவனோ தேனு கொண்டாந்தான்னு வாங்கி மூட்டுல தேச்சி, எறும்புக்கு விருந்து வெச்ச. ஆசுபத்திரிக்கு மட்டும் போவல. அதுவும் நல்லதுதான். விரலு கோணுன பின்னாடி போனா டாக்டருக்கும் பாத்த ஒடனே புரிஞ்சிடும் பாரு.

2006ல சிக்குன்குன்யா வந்து ஊரே குனிஞ்சி நடந்துச்சே, அதோட மிச்சம்னு ஒங்க அத்த சொல்லுது. அது பல்லு வலிக்கும் அதத்தான் சொல்லுது.

என் முட்டி தேஞ்ச முட்டி. நடந்தா வலிக்கும், திண்ணையில உக்காந்தா அடங்கும். அதனாலதான் திண்ணைய விட்டு எறங்குறதில்ல, நீ சோம்பேறின்னு நெனச்சிகினு இருக்க. ஒன்னோடது தலகீழு. தூங்கி எழுந்தா கையி கட்டையா நிக்கும், ஒரு மணி நேரத்துக்கு மேல வேலயப் பாத்தாத்தான் கொஞ்சம் எளகும். ரெண்டு கையிலயும் சின்னச் சின்ன கணுவாப் பாத்து வீங்கும். சரவாங்கின்னு நாம சொல்றது, முடக்குவாதம்னு அவங்க சொல்றது. கிருமிய அடிக்க ஒடம்பு வெச்சிருக்குற சக்தி, ஆளு தெரியாம சொந்த மூட்டுச் சவ்வையே அடிக்குது. ஆம்பளைங்கள விட பொம்பளைங்களுக்கு ரெண்டு மூணு மடங்கு அதிகமா வருதாம். எல்லா வேலையும் ஒங்க தலையில, நோவும் ஒங்க தலையில.

சரி, வலிக்குன்னு வாங்குன அந்தப் பொட்டலத்த எங்க ஒளிச்சி வெச்சிருக்க? பேரு இல்லாத பொடி, தின்ன மறுநாளே துள்ளிக் குதிச்சியாம். குதிக்காம? அமெரிக்காவுல ஹென்ச்னு ஒரு டாக்டரு 1948ல, படுத்த படுக்கையா கெடந்த ஒரு பொண்ணுக்கு கார்ட்டிசோன்னு ஒரு ஸ்டிராய்டு ஊசி போட்டாரு. சில நாள்லயே எழுந்து கடைக்குப் போயிட்டாளாம். 1950ல அவருக்கு நோபல் பரிசே குடுத்தாங்க. அப்பறந்தான் மூஞ்சி உப்புறதும் சக்கர ஏறுறதும் எலும்பு நொறுங்குறதும் தெரிஞ்சிது. இன்னிக்கி டாக்டருங்க அந்த ஸ்டிராய்டு வகைய அளவு பாத்து, கொஞ்ச நாளைக்குத்தான் குடுக்குறாங்க. ஒன் பொட்டலக்காரன் அதையே கலந்து வெச்சிருந்தா அளவ எங்க பாத்தான்? அதுக்காக நான் சொன்னன்னு இன்னிக்கே தூக்கிப் போட்டுடாத. ரொம்ப நாளா தின்னது ஸ்டிராய்டா இருந்தா திடீர்னு நிறுத்துறதும் ஆபத்து. பொட்டலத்தோட போயி டாக்டருகிட்ட காட்டு. திட்டுவாரு, வாங்கிக்க.

முன்னெல்லாம் பெரிய ஆசுபத்திரின்னா முண்டியம்பாக்கம் ஓடணும். 2019ல நம்ம கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆச்சி, 2022ல சிறுவங்கூர்ல மருத்துவக் கல்லூரியும் வந்துடுச்சி. வெள்ளிமலையிலேருந்து கொண்டை ஊசி வளைவெல்லாம் எறங்கி வாந்தி எடுத்துகினே வர்ற சனங்களே வருது, நீ அடிவாரத்துல இருந்துகினு சாக்கு சொல்ற. அங்க இருந்து மேல அனுப்பணும்னா பாண்டிச்சேரி ஜிப்மர்ல இதுக்குன்னே ஒரு பிரிவு இருக்குது.

இந்த நோவு வீட்டோட மாப்ள மாதிரி. தொரத்த முடியாது, அடக்கி வெக்கலாம். பெரும்பாலும் மெத்தோட்ரெக்சேட்னு ஒரு மாத்திர குடுப்பாங்க. வாரத்துக்கு ஒரு நாளு, ஒரே நாளு! சீக்கிரம் கொணமாவட்டும்னு தெனம் முழுங்கி, ரத்தத்துல அணு கொறஞ்சி உசுர விட்டவங்க உண்டு. சந்த நாளுன்னு குறிச்சி வெச்சிக்க, ஒனக்கு அது மட்டும் மறக்காது. ஃபோலிக் ஆசிட் மாத்திரைய வேற நாள்ல, அவங்க சொன்னபடி. அப்பப்ப ரத்தம் எடுத்து ஈரலும் அணுவும் பாப்பாங்க, குடுக்குறதுக்கு அழுவாத. வயித்துல புள்ள நிக்கணும்னு யோசன இருந்தா முன்னாடியே சொல்லிடு, கருவுக்கு ஆவாது. மாத்திர வேல செய்ய ஆறு வாரம் ஆவும், பன்னண்டும் ஆவும். ரெண்டாவது வாரமே "ஒண்ணும் கேக்கல மாமா"ன்னு வராத. கேட்டுடுச்சின்னு நிறுத்திப்புட்டும் வராத.

வேலைய மட்டும் கொஞ்சம் சூதானமா செய்யி. கொடத்த விரல்ல தூக்காத, முழங்கையில அணச்சி இடுப்புல ஏத்து. மரவள்ளிக் கெழங்கு புடுங்குற வீரத்த வேற யாருக்காச்சும் விட்டுக் குடு. கஞ்சி வடிக்கப் பானையக் கவுக்காத, கண்ணுக் கரண்டியில சோத்த அள்ளு. காத்தால வெந்நீர்ல கைய வெச்சி மெல்ல மடக்கி நீட்டு. ஈரப் பொடவையப் பிழியுறது இனிமே ஒன் புருசன் வேல. ஏன்னு கேட்டான்னா டாக்டரு சொன்னாருன்னு சொல்லு. டாக்டரு சொல்லலன்னாலும் சொல்லு.