சிகாமட் பசியாறும் கடைகளில் ∧ குறியின் நிலை: ஒரு முன்னாய்வு

∧ என்னும் கூரைபோன்ற குறியைத் தருக்க இணைப்புக்கு முதலில் எடுத்தாண்டவர் டச்சு அறிஞர் அரெண்ட் ஹேய்ட்டிங், ஆண்டு 1930. அதற்கு முன்பே ரசலும் வைட்ஹெட்டும் ஒரு புள்ளியை வைத்துக் காரியத்தை முடித்திருந்தார்கள். போலந்து நாட்டு வுகாசியேவிச் ‘கே’ என்ற எழுத்தைக் கூற்றுகளுக்கு முன்னால் போட்டார். ஜார்ஜ் பூலுக்குப் பெருக்கலே போதுமானதாக இருந்தது. இத்தனை பேர் மெனக்கெட்ட பிறகும் பொருள் ஒரே வரிதான்: இருபுறக் கூற்றும் மெய்யானால் முழுதும் மெய்; ஒன்று பொய்த்தாலும் முழுதும் பொய். இந்த வரி நடைமுறையில் எவ்வளவு தூரம் தாங்கும் என்று சோதிக்க, ஜோகூரின் வடக்கே உள்ள சிகாமட் தகுந்த களம். அங்கே காலையில் பசியாற வருகிறவர் தமிழில் தொடங்கி மலாயில் முடிப்பார். (ஆற்றுநீரைப் பருகிய பெண்டஹாரா என்னும் மலாய் அமைச்சர் ஒருவர் ‘செகார் அமாட்’, அதாவது மிகுந்த புத்துணர்ச்சி, என்று வியந்ததால் ஊருக்கு இப்பெயர் வந்ததாகக் கதையுண்டு. அதில் இணைப்புச்சொல் எதுவும் இல்லாததால் அது இந்த ஆய்வுக்கு உதவாது.)

“ரொட்டி சானாயும் தே தாரேக்கும்” என்று ஒருவர் கேட்கிறார். ரொட்டி வந்தது, தே வரவில்லை என்றால் கூற்று பொய். இதுவரை ஹேய்ட்டிங்கும் வாடிக்கையாளரும் ஒரே கட்சி. ரொட்டியைத் தின்று கைகழுவிய பிறகு தே வந்தால்தான் பிளவு. ∧ குறிக்குக் கடிகாரம் கிடையாது. இரண்டும் வந்தாயிற்று, ஆகவே மெய் என்று அது கடைக்காரர் பக்கம் சாய்ந்துவிடும். எது முன், எது பின் என்பதும் அதற்கு ஒன்றுதான். இங்கே ஒரு மறுப்பு எழும்: ஒரே கூற்றைத் தன்னோடு இணைத்தால் அதுவே கிடைக்கும் என்றாரே பூல், அப்படியானால் ரொட்டியும் ரொட்டியும் தின்றவருக்கு ஒரு ரொட்டிக்குத்தானே பில் போட வேண்டும்? சிக்கனக்காரர்களைக் கவரும் வாதம்தான், ஆனால் நிற்காது. ∧ இணைப்பது கூற்றுகளை, பண்டங்களை அல்ல. “ரொட்டி வேணும், ரொட்டி வேணும்” என்று பசியில் இருமுறை கூவினாலும் ஒரு ரொட்டிதான் வரும். பூலுக்கு அதற்குமேல் சாட்சி தேவையில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு, கடைகளில் யாரும் இணைப்புச்சொல்லே பேசுவதில்லை என்பது. “ரொட்டி தெலோர் பாவாங்” என்றால் முட்டையும் வெங்காயமும் போட்ட ரொட்டி. அதில் ‘உம்’ இல்லை, மலாயின் ‘டான்’ இல்லை. ஆனால் எண்ணிடைச்சொல் இல்லாமல் அடுக்குவதற்குச் செவ்வெண் என்று பெயரிட்டு நம் இலக்கணக்காரர்கள் அதை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். புரோலாக் என்ற கணினி மொழியும் வெறும் கமாவையே இணைப்பாகக் கொள்கிறது. எதையும் சேர்க்காத ‘ரொட்டி கோசோங்’ இன்னும் அழகான சான்று. எந்தக் கூற்றையும் இணைக்காத வெற்று இணைப்பு மெய்யே என்பது தருக்கவியலின் துணிபு. எதுவும் சேராத ரொட்டியும் ரொட்டியே என்பது கல்லடியில் நிற்பவரின் துணிபு. இருவரும் ஒருவரையொருவர் கேட்காமலே இந்த முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

ஆனாலும் ‘உம்’ இருக்கும் இடத்திலெல்லாம் ∧ போட்டுவிடலாம் என்பாரை ஏற்பதற்கில்லை. தொல்காப்பியர் உம்மைக்கு எட்டுப் பொருள் சொன்னார்: எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். “தேயும் வரலை” என்று ஒரு மேசையிலிருந்து குரல் வந்தால், ரொட்டியும் வரவில்லை என்பது கடை முழுக்கத் தெரிந்துவிடுகிறது. சொல்லாத கூற்றையும் இழுத்து வருவது எச்ச உம்மை. ∧ குறிக்கு இந்தச் சாமர்த்தியம் இல்லை. இடப்பக்கம் காலியாக இருந்தால் அது இலக்கணப் பிழையாகிவிடும். ஆக, எட்டு வேலையில் அது செய்வது எண் என்ற ஒன்றை மட்டும். அதையும் நேரம் பார்க்காமல் செய்கிறது. சிகாமட் கடைக்காரர்கள் ஆர்டர் எழுதும் சீட்டில் இக்குறியைச் சேர்க்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மலேசியாவின் படிவம் நான்கு கணிதப் பாடமே இணைப்பை ‘டான்’ என்ற சொல்லை வைத்துத்தான் கற்பிக்கிறது.