கேஷியரின் ஞானநிலை

பதற்றத்தை வெல்வது எப்படி என்று எங்கள் வங்கியில் ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். ஏ.சி. அறை, முந்திரி பக்கோடா, காபி. இப்படி ஒரு இடத்தில் எனக்குப் பதற்றமே வருவதில்லை. பேச வந்தவர் கண்ணை மூடி மூச்சை இழுத்து, ஒன்றிலிருந்து நான்கு வரை எண்ணச் சொன்னார். கேஷியர்களுக்கே எண்ணக் கற்றுக்கொடுத்த மகான்.

அப்புறம் 2016 நவம்பர் 8 வந்தது. 500, 1000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவோடு செல்லாது என்று இரவு எட்டு மணிக்குப் பிரதமர் அறிவித்தார். 10ஆம் தேதி காலை ஷட்டரைத் தூக்கினால் வரிசை தெருமுனை டீக்கடையைத் தாண்டி நிற்கிறது. நான்கு வரை எண்ணிப் பார்த்தேன். கண்ணைத் திறந்தபோது வரிசை இன்னும் நீண்டிருந்தது.

ஒருவர் 4,000 ரூபாய் மாற்றலாம் என்றார்கள். அது 4,500 ஆனது, பிறகு 2,000 ஆகச் சுருங்கியது. ஒட்டிய அறிவிப்பில் பசை காய்வதற்குள் அடுத்தது வந்துவிடும். நடுவில், வந்தவரே திரும்ப வராமலிருக்க விரலில் மை வைக்கும் உத்தரவு. ஒரு பாட்டி விரலை நீட்டிவிட்டு, “ஓட்டு எங்கப்பா போடணும்?” என்றார். புது 2,000 ரூபாய் நோட்டு அளவில் சிறியது, ஏ.டி.எம். இயந்திரங்கள் ஒவ்வொன்றையும் அதற்கேற்ப மாற்றியமைக்க வேண்டியிருந்தது. இரும்புக்குக்கூட அவகாசம் தந்தார்கள். எங்களுக்கு வந்தது ஒரு மின்னஞ்சல்: ‘வாடிக்கையாளரைப் புன்னகையுடன் வரவேற்கவும்.’

பக்கத்துக் கவுன்ட்டரில் சீனியர் அண்ணன் ஒருவர். எவ்வளவு கூச்சலுக்கும் அவர் முகம் அசையாது. “யோகா செய்றீங்களாண்ணே?” என்றேன்.

“கோபம் வந்தா நோட்டு ரெண்டு ரெண்டாப் போகும் தம்பி. ஷார்ட் விழுந்தா கைக்காசு.”

விஷயம் அவ்வளவுதான். கல்லாவில் குறைந்தால் கேஷியர் கட்ட வேண்டும். கூடினால் அது வங்கிக்குப் போகும். இதற்கு இணையான தியானப் பயிற்சி இமயமலையிலும் கிடையாது.

அண்ணனிடம் ஓர் அஸ்திரமும் இருந்தது. “நாடு உருப்படுமா? நீங்கள்லாம் நல்லா இருப்பீங்களா?” என்று ஒருவர் கண்ணாடியைத் தட்டிக் கத்துவார். அண்ணன் படிவத்தைத் திருப்பி நீட்டி, “இங்க ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு சார்” என்பார், மெதுவாக. கத்தியவர் சட்டைப்பையைத் தடவுவார். பின்னால் திரும்பி, “பேனா இருக்குங்களா?” என்பார். ஒரே நேரத்தில் கத்தவும் பேனா தேடவும் மனிதனால் முடியாது. கையெழுத்துப் போட்டு நிமிரும்போது எங்கே விட்டோம் என்பது அவருக்கே மறந்திருக்கும். அந்தப் படிவத்தில் கையெழுத்து உண்மையிலேயே விட்டுப்போயிருந்ததா, இரண்டாவதாக ஒன்று வாங்கினாரா என்று நான் துருவவில்லை. குருவிடம் கேட்கக் கூடாத கேள்விகள் உண்டு.

பயிற்சி கொடுத்தவரை எங்கள் கிளைப் பக்கம் அப்புறம் பார்க்கவில்லை. அண்ணனின் முறையைத்தான் இன்றும் கடைப்பிடிக்கிறேன்.

ஆகவே வாடிக்கையாளர்களே, கேஷியர் சிரிக்கவில்லையென்று புகார்ப் புத்தகம் கேட்காதீர்கள். அவர் உங்கள் பணத்தைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார். முடிக்கும்வரை பேச்சுக் கொடுக்காதீர்கள். வரும்போது தயவுசெய்து ஒரு பேனாவும் கொண்டுவாருங்கள்.