குளிசையும் குடும்பத்தலைவனும்

எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் ரோஷ் கம்பனியின் இரண்டு கோபுரங்களும் தெரியும். உயரமானது 205 மீற்றர். சுவிஸிலேயே அதைவிட உயர்ந்த கட்டடம் இல்லை. 1896 இல் இதே பாசல் நகரத்தில் தொடங்கிய கம்பனி அது. ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் நோவார்ட்டிஸ். உலகத்துக்கே மருந்து செய்து அனுப்புகிற ஊரில் குடியிருந்துகொண்டு, ஒரு குளிசையை விழுங்க வக்கில்லாமல் தினமும் சமையலறையில் நின்று முழிக்கிற ஒரே குடும்பத்தலைவன் நானாகத்தான் இருப்பேன்.

சீனி வருத்தம், பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றும் என்னிடம் தஞ்சம் கேட்டு வந்தன. எனக்கு இந்த நாட்டில் ‘சி’ விசா கிடைக்க வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. இவை மூன்றும் வந்த அன்றே நிரந்தர வதிவிடம் எடுத்துவிட்டன.

பிரஷர் குளிசை சின்னது, பாவம், சொன்னபடி கேட்கும். கொலஸ்ட்ரோல் குளிசையும் பரவாயில்லை. வில்லன் சீனிக்குப் போடுகிற மெற்ஃபோமின் 1000தான். மருந்து மட்டுமே முழுசாக ஒரு கிராம். அதைச் சேர்த்துப் பிடிக்கிற மாவும் மேற்பூச்சும் வேறு. சின்னதாகச் செய்யவே முடியாத சாமான். அதை நாக்கில் வைத்து ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் தண்ணீர் மட்டும் மரியாதையாக இறங்கிப் போய்விடும். குளிசை அங்கேயே குந்தியிருக்கும். பிறகு மேற்பூச்சு கரையும், கசப்பு ஏறும், எனக்கு ஓங்காளம் வரும், மனுசி வருவா.

“மாதாமாதம் வாற காப்புறுதிக் காசை ஒரு சொட்டுத் தண்ணியும் இல்லாமல் விழுங்கிறியள். இது மட்டும் ஏன் இறங்குதில்லை?”

நியாயமான கேள்வி. சுவிஸில் வருடத்தின் முதல் 300 பிராங் மருத்துவச் செலவை, காப்புறுதியில் ஆகக் குறைந்த சுயபொறுப்புத் தொகையை எடுத்தவர்கூடத் தன் சட்டைப்பையிலிருந்துதான் கட்ட வேண்டும். அதற்கு மேலே பத்து வீதம், 700 பிராங் வரைக்கும். ஆகவே நான் துப்புகிற ஒவ்வொரு குளிசையும் மனுசியின் கணக்கில் காசு.

இதற்கெல்லாம் சாட்சி மாமி. எலும்புத் தேய்வுக்கு அவ வாரத்துக்கு ஒரு குளிசை போடுகிறவ. வெறும் வயிற்றில் ஒரு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணித்தியாலம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த மருந்து உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். அந்த அரை மணித்தியாலமும் மாமிக்குப் பொழுதுபோக்கு நான்தான்.

“தம்பி, முருகனை நினைச்சுக்கொண்டு அண்ணாந்து விழுங்குங்கோ.”

முருகனை நினைத்தேன். அண்ணாந்தேன். புரைக்கேறியது.

“அப்ப உரலில போட்டு இடிச்சு, தேனில குழைச்சுத் தாறன்.”

இந்த இடத்தில் மகள் பாய்ந்து மறித்தாள். அவள் ஒரு மருந்துக்கடையில் தொழில் பழகுகிறாள். வீட்டில் எனக்கிருந்த கொஞ்ச நஞ்ச அதிகாரமும் அத்தோடு போய்விட்டது. சில குளிசைகள் மெல்ல மெல்லக் கரையும்படி செய்யப்பட்டவை. இடித்தால் நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். வேறு சில குடலில் போய்த்தான் கரைய வேண்டும் என்று பூச்சுப் பூசியவை. எதை இடிக்கலாம், எதை உடைக்கலாம் என்பதைக் கேட்காமல் உரலைத் தொடக்கூடாது என்றாள். மாமி உரலை உள்ளே வைத்தா. முகத்தை வெளியே வைத்துக்கொண்டா.

என் தொண்டையில் பழுதொன்றும் இல்லையாம், வைத்தியர் பார்த்துவிட்டார். மெல்லாத கட்டியான எதையும் உள்ளே விடாதே என்று தொண்டைக்குப் பிறவியிலேயே கட்டளை. மூச்சுக்குழாயைக் காக்கிற ஏற்பாடு. ஆட்டிறைச்சிக் கறிக்கு முன்னால் அந்தக் காவல் எங்கே போகிறது என்று மனுசி கேட்டா. மென்றுதானே தின்கிறேன் என்றேன். அது அவவுக்குப் பதிலாகப் படவில்லை.

வழி ஜெர்மனியிலிருந்து வந்தது. ஹைடல்பேர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 151 பேரை வைத்துச் சோதித்து 2014 இல் வெளியிட்ட இரண்டு முறைகள். குளிசை என்றால், நெளியக்கூடிய பிளாஸ்ரிக் போத்தலில் தண்ணீர் நிரப்பி, குளிசையை நாக்கில் வைத்து, போத்தல் வாயை உதட்டால் இறுக மூடி, காற்றுப் போகாமல் உறிஞ்சி விழுங்க வேண்டும். பத்தில் ஆறு பேருக்கு இது சுகமாக இருந்தது. கப்சூல் தண்ணீரில் மிதக்கிற சாதி. அண்ணாந்தால் அது பல்லுப் பக்கம்தான் போகும். அதற்கு ஒரு மிடறு தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு, நாடியை நெஞ்சோடு சேர்த்துத் தலையைக் குனிந்து விழுங்க வேண்டும். பத்தில் ஒன்பது பேர் அளவில் இது இலகு என்றார்கள்.

அதாவது நாங்கள் பரம்பரை பரம்பரையாகச் செய்வதற்கு நேர் எதிர். எச்சில் படாமல் அண்ணாந்து குடிக்கப் பழகிய சாதிசனம், போத்தலை வாயில் கவ்விக்கொண்டு உறிஞ்சுவதா? மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டா. “கைக்குழந்தை மாதிரி” என்று மனுசியிடம் சொன்னது எனக்கும் கேட்டது. ஆனால் குளிசை போய்விட்டது! எங்கே என்று நாக்கால் வாய் முழுக்கத் துழாவினேன். இல்லை.

இப்போது பிரச்சினை வேறு. உறிஞ்சும்போது போத்தல் ‘படபட’ என்று நெரியும். இரவு பத்துக்குப் பிறகு கட்டடத்தில் சத்தம் கூடாது என்பது இந்த நாட்டில் எழுதாத வேதம், பல கட்டடங்களில் எழுதியே ஒட்டிய வேதம். ஆகையால் என் இரவுக் குளிசைக்கு ஒன்பதரைக்கே நேரம் குறித்தாயிற்று. ஒரு லாபமும் உண்டு. பெற் போத்தலை நசுக்கிக் காற்றெடுத்துத்தான் சேகரிப்புத் தொட்டியில் போடச் சொல்கிறார்கள். அந்த வேலையை நான் வாயாலேயே முடித்துவிடுகிறேன்.

குளிசை இறங்காமல், வெட்கத்தில் அதைப் பூச்சட்டிக்குள் புதைக்கிற அண்ணன்மாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் வைத்தியருக்குப் பூச்சட்டி தெரியாது. சீனி கூடிக்கிடப்பதைப் பார்த்து, மருந்து போதவில்லை என்று நினைத்து இன்னும் பெரிய குளிசையாக எழுதித் தருவார். அடுத்தமுறை மருந்துக்கடைக்குப் போகும்போது விழுங்கக் கஷ்டம் என்று வாய்திறந்து சொல்லுங்கள். சிலதைச் சின்னக் குளிசையாகவோ, கரைத்துக் குடிக்கிறதாகவோ, துளியாகவோ மாற்ற வழியுண்டு. சாப்பாடும் தண்ணீருமே புரைக்கேறுகிறவர்களும், பாரிசவாதம் வந்தவர்களும் போத்தல் வித்தையெல்லாம் செய்யாமல் நேரே வைத்தியரிடம் போகவேண்டும். மாமி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள்.