அட்லாண்டிக் கரையில் மெட்ராஸ்

டொராண்டோவில் இருக்கும் என் சித்தப்பா, காசு கொடுத்து விமான டிக்கெட் வாங்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர். அரிசி முதல் பெட்ரோல் வரை கிரெடிட் கார்டில் தேய்த்துச் சேர்த்த பாயின்ட்டில்தான் சென்னைக்கு வருவார். ஆனால் நேரே வரமாட்டார். "ஓசி டிக்கெட்ல நேரா போய் இறங்கறதா? அப்புறம் அதுக்கும் காசு கொடுத்து வாங்கினதுக்கும் என்னடா வித்தியாசம்?" என்பார்.

இவரைப் போன்றவர்களை விமானக் கம்பெனிகள் நன்றாகப் புரிந்துவைத்திருக்கின்றன. 1981இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறந்த மைலுக்குப் பரிசு என்று ஆரம்பித்தது. பறக்கப் பறக்கப் பரிசு. பரிசில் பறக்கும்போது மட்டும் ரொம்பப் பறக்காதே என்பது பின்னால் வந்த ஞானம். இரண்டு ஊர்களுக்கு நடுவே இத்தனை மைலுக்கு மேல் சுற்றக்கூடாது என்று ஓர் உச்சவரம்பு உண்டு. பொதுவாக நேர் தூரத்துக்கு மேல் 20 சதவீதம். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டில் அதையும் மீறினால், கட்டணத்தை 5, 10 என்று ஏற்றிக்கொண்டே போய் 25 சதவீதம் வரை பொறுத்துக்கொள்வார்கள். ஓசிக்காரனிடம் அத்தனை பொறுமை காட்டுவதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. கணக்கில் வருவது டிக்கெட்டில் உள்ள ஊர்களின் தூரம்தான். இறங்க இடமில்லாமல் விமானம் லண்டனுக்கு மேலே அரை மணி நேரம் வட்டமடித்தால் அது சுற்றல் ஆகாது. சித்தப்பா சுற்றினால்தான் சுற்றல்.

அடுத்தது 24 மணி நேர விதி. ஓர் ஊரில் இறங்கி அதற்குள் கிளம்பிவிட்டால் டிரான்சிட், தாண்டினால் ஸ்டாப்ஓவர். ஏர் கனடாவின் பாயின்ட் திட்டமான ஏரோப்ளானில் 5,000 பாயின்ட் கொடுத்தால் வழியில் ஓர் ஊரில் நிம்மதியாகத் தங்கலாம். சித்தப்பா கொடுப்பாரா? இஸ்தான்புல்லில் இருபத்து மூன்றரை மணி நேரம் என்று டிக்கெட் போட்டார். "ஹாகியா சோபியா எப்படி இருந்தது சித்தி?" என்று கேட்டேன். "வாசல்ல கியூ நன்னா இருந்தது. அதுக்குள்ள இவர் வாட்சைப் பார்த்துட்டார்" என்றாள்.

அதே ஏரோப்ளான், பாயின்ட் கணக்குக்காக உலகத்தை வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, அட்லாண்டிக், பசிபிக் என்று நாலாகப் பங்கு போட்டிருக்கிறது. அதில் இந்தியா அட்லாண்டிக்! மெரினாவில் நின்றுகொண்டு எதிரே இருப்பது வங்காள விரிகுடா என்று நாம் பாட்டுக்குச் சுண்டல் தின்றுகொண்டிருக்கிறோம். சித்தப்பாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. "பாயின்ட் குறைச்சலா ஆகும்னா மெட்ராஸை அண்டார்டிகான்னு சொல்லட்டுமே, நமக்கென்ன?"

இந்தத் தடவை சென்னையில் வந்து இறங்கியதும் சித்தி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: "அடுத்த தடவை நான் காசு கொடுத்து டெல்லி வழியா வந்துடறேன். நீங்க தனியா சுத்திண்டு வாங்கோ."

சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். முகம் மெல்ல மலர்ந்தது.

"காசு கொடுத்தா இன்னும் 25 சதவீதம் சுத்தலாமே!"