பாக்கெட்டில் ஆசிட் வைத்திருந்த மனிதர்

எங்கள் நிலவியல் பேராசிரியர் கல்யாணத்துக்கு வந்தால் மணமக்களைப் பார்க்கும் முன் தரையைத்தான் பார்ப்பார். "ஒரிஜினல் இத்தாலியன் மார்பிள் சார்" என்று மண்டபக்காரர் வாயை விட்டால் தொலைந்தார். சட்டைப் பையிலிருந்து சொட்டு பாட்டில் வெளியே வந்துவிடும். உள்ளே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். மார்பிளாக இருந்தால் புசுபுசுவென்று நுரைக்கும். நுரை அடங்கியதும் பளபளப்பு போன வட்டம் ஒன்று மிஞ்சும். "மார்பிள்தான், சந்தேகமே வேண்டாம்" என்று மண்டபக்காரரைப் பாராட்டிவிட்டுப் பந்திக்குப் போவார். அவர் சட்டைப் பை எல்லாமே பொத்தல். "உங்க சார் படிச்ச படிப்புல லாபம் பார்த்தது எங்க தெரு டெய்லர்தான்" என்பார் அவர் மனைவி.

நான்கு சுவருக்குள் பாடம் நடத்துவது அவருக்குப் பிடிக்காது. பெரம்பலூர் பக்கம் காரை ஓடைக்குக் கூட்டிப் போவார், அதுவும் சித்திரை வெயிலில். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல். "பீச்சுக்கு வந்திருக்கோம்ப்பா, ஜாலியா இருங்க!" என்பார். மரம் இல்லை, நிழல் இல்லை, பொட்டல். காலடியில் பார்த்தால் அந்தக் கடலில் வாழ்ந்த உயிர்களின் புதைபடிவங்கள், அம்மோனைட் சுருளும் பெலம்னைட் குச்சியும் கிடக்கும்.

புதைபடிவ எலும்பில் நுண்துளைகள் உண்டு, ஈர நாக்கில் வைத்தால் ஒட்டும் என்று ஒருமுறை சொல்லிக்கொடுத்தார். உடனே நண்பன் ஒருவன் எதையோ பொறுக்கி நாக்கில் வைத்தான். ஒட்டிக்கொண்டது. டைனோசரே கிடைத்துவிட்ட மாதிரி கையை ஆட்டினான். பேராசிரியர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "காய்ஞ்ச களிமண்ணும் ஒட்டும் தம்பி. துப்பிடு."

சுத்தியலும் பையுமாய் நாங்கள் இறங்கினாலே ஊர் கூடிவிடும். "ஏங்க, போர் போட்டா தண்ணி எத்தனை அடியில வரும்?" பாறையில் விரிசல் எங்கே, மண் எத்தனை ஆழம் என்று பொறுமையாக விளக்குவார். கடைசியில், "தேங்காய் வச்சுப் பாக்க மாட்டீங்களா?" என்று ஒருவர் கேட்பார். அந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவரிடம் பதில் இருந்ததில்லை.

பல்லாவரம் குன்றுக்குப் போனால் அவர் குரலே மாறிவிடும். அங்கிருந்து போன கல்தான் கல்கத்தாவில் கிழக்கிந்திய கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் இருக்கிறது. அதை வைத்துத்தான் நிலவியலாளர் ஹாலண்ட் இந்தப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டார். "பல்லாவரத்துக் கல்லு. ஆனா பேரு கல்கத்தாவுல செத்தவனுக்கு!" என்று ஹாலண்ட்மேல் இவர் கோபப்படுவார்.

அவரிடம் படித்த யாரும் தரையைப் பார்க்காமல் நடந்ததில்லை. வங்கி வேலைக்குப் போனவன்கூட, "இந்த கவுன்ட்டர்ல இருக்கறது கருப்பு கிரானைட் இல்லை சார், டோலரைட்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லப்போக, கல்லிலேயே போலி என்றால் பணம் என்னாகுமோ என்று அவர் டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டாராம்.

ஒரே இடத்தில் மட்டும் பேராசிரியர் எங்கள் சுத்தியல்களை வண்டியிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னார். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர். கடல் மண்ணில் புதைந்து கல்லாகிப்போன அடிமரம், சுமார் 18 மீட்டர் நீளம். 1940-இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது. அந்தப் பக்கம் போனால் பார்த்துவிட்டு வாருங்கள். ஷோகேஸுக்கு என்று ஒரு சில்லுகூடப் பெயர்க்காதீர்கள்.