கொடைக்குப் பிரிச்ச வரி

வாடே மருமவனே! டெல்லியில பட்ஜெட்டு எழுதுற ஆபீஸுக்கே போயிட்டியாமே? பசுமைக்குன்னு வரி, மானியமெல்லாம் நீதான் யோசிக்கியாமே? மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துல ஒதுங்காத மாமன் சொல்லுதேன், கேட்டுக்கோ.

முதல்ல வரிக்கு நல்ல பேரா வையி. 2010-ல நிதி மந்திரி பிரணாப் முகர்ஜி நிலக்கரி டன்னுக்கு 50 ரூபா போட்டாரு. கரி எரிக்கிறவன் குடுக்கட்டும், காத்தாடிக்கும் சோலாருக்கும் அந்தத் துட்டு போகட்டும்னு தனி நிதியே வச்சாங்க. பொறவு அருண் ஜெட்லி நிதி மந்திரியா வந்து 100, 200ன்னு ஏத்தி, 2016-ல 400 ஆக்கி, பேரையும் 'தூய்மைச் சுற்றுச்சூழல் வரி'ன்னு மாத்துனாரு. கேக்கவே குளுகுளுன்னு இருக்குல்லா?

மறு வருசம் ஜிஎஸ்டி வந்துது. மாநிலங்களுக்கு வந்த நட்டத்த ஈடுகட்டணும்னு அதே 400-அ அந்தப் பக்கம் திருப்பி விட்டுட்டாங்க. நம்மூர்ல தலைக்கட்டு வரி பிரிச்சு, அம்மனுக்குக் கொடை நடத்தாம, பங்காளித் தகராற முடிச்சுவச்சா பூசாரி சும்மா விடுவானா? நீ பயப்படாத. சூரியன் கணக்கு கேக்காத சாமி.

2025 செப்டம்பர்ல அந்த 400-அயும் எடுத்துட்டு, கரிக்கு ஜிஎஸ்டிய 5 சதவீதத்துல இருந்து 18 ஆக்குனாங்க. கூட்டிக் கழிச்சுப் பாத்தா மட்ட ரகக் கரிக்கு மொத்த வரி குறைஞ்சுபோச்சு! சோலார் தகட்டுக்கு 12-அ 5 ஆக்குனதையும் சொல்லிருதேன், இல்லேன்னா நீ கோவிப்ப.

மாடியில 3 கிலோவாட் போட்டா 78,000 ரூபா மானியமாம். ஓலைக் குடிசைக்காரன் தகட்ட எங்க மாட்டுவான்? அதுக்கு ஒரு கமிட்டி போட்டுரு.

தோட்டத்துச் சோலார் பம்ப்செட்டுக்கு ரெண்டு சர்க்காரும் சேந்து 60 சதவீதம், மிச்சம் என் மடியில இருந்து. ஏன்டே, 1990-ல இருந்து மோட்டாருக்குக் கரண்டு ஓசி. ராத்திரி சுவிட்சப் போட்டுட்டுப் படுத்தா விடியிற வரைக்கும் வாழைக்குத் தண்ணி பாயுது. துட்டு குடுத்துத் தகடு வாங்க எனக்கென்ன கிறுக்கா?

அதுக்காக ஓசிக் கரண்ட நிறுத்துன்னு எழுதிராத, ஊருக்குள்ள வர முடியாது. பஞ்சாப்ல 2018-ல ஒரு காரியம் செஞ்சாங்க. மோட்டார நிறுத்தி மிச்சம் பிடிக்கிற யூனிட்டுக்கு 4 ரூபா விவசாயி கையிலயே குடுத்தாங்க. அத எழுது, நானே மொத ஆளா வாரேன். ஆனா என் மோட்டாருக்கு மீட்டர் கிடையாது. நீங்களே வாங்கி மாட்டிருங்க. எவ்வளவு மிச்சம்னு மட்டும் நான் சொல்லிருதேன்.